‘கேரரா?’ என்று கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள்: பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தை, 2026

பிரித்தானியாவில் உள்ள தமிழ்க் கோவில்களின் அறங்காவலர்களுக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்துபவர்களுக்கும், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். ஈஸ்ட்ஹாம் பக்கம் வந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆனா ஆவன்னா எழுதிப் பழகியவர்கள். தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் மரக்கறி வெட்ட வருகிற பெண்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது நன்கொடை இல்லை. வேலையை விட்டு வீட்டில் ஒருவரைப் பார்ப்பவர்களின் அரச பென்ஷன் கணக்கு வெறுமையாகாமல் காக்க ஒரு வழி இருக்கிறது என்ற செய்தியை நம் சனத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்க உங்கள் உதவி வேண்டும்.

2013 கார்த்திகையில் என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தண்ணீரை அப்படியே கொடுக்கக் கூடாது என்று சொல்லி ஒரு டின் மாவும் தந்துவிட்டார்கள். தேத்தண்ணிக்குள் அந்த மாவை அளந்து போட்டுக் கலக்கி, கூழ்ப் பதம் வந்த பிறகுதான் பருக்க வேண்டும். ஒரு கரண்டி குறைந்தால் புரைக்கேறும். கூடினால் அம்மா வாயை இறுக மூடிக்கொள்வார். அந்தப் பதத்தைப் பிடிக்கவே எனக்கு ஒரு மாதம் சென்றது. பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் செய்துகொண்டிருந்த வேலையை 2014 மாசியில் விட்டேன். அப்புறம் 2021 தையில் அம்மா கண்மூடும் வரை, ஏழு ஆண்டுகள், என் நாள் முழுவதும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான்.

முதல் வருடம், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்துபோனார். ஒருநாள் கையில் இருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் இவருடைய கேரரா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "இல்லை, நான் மகள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு எங்கேயோ ஒரு கோடு போட்டார். நான் ஓம் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும், அதற்குப் பிறகு ஏதாவது ஒரு தாளாவது கைக்கு வந்திருக்கும்.

நமக்குக் கேரர் என்றால் காலையில் யூனிஃபோர்மோடு வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிற, சம்பளம் வாங்குகிற ஆள். மகளையோ மருமகளையோ மனைவியையோ அப்படிக் கூப்பிட வாய் வராது. தமிழில் எழுதும்போது ‘பராமரிப்பாளர்’ என்று போடுகிறார்கள். அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அம்மாவைப் பார்க்கிறேன்’ என்றுதான் சொல்வோம். இந்த நாட்டுச் சட்டப்படி அப்படிப் பார்க்கிற மகள்தான் கேரர். எல்லாவற்றுக்கும் முன்னால் நம் சனத்துக்குப் புரிய வேண்டியது இதுதான்.

2023 கோடையில் ஒரு நாள், சின்ன மகள் தன் போனில் வரித் திணைக்களத்தின் ஆப்பைத் திறந்து, "அம்மா, உங்கட பென்ஷன் எவ்வளவு வரும் என்று பார்ப்பமா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். ஆண்டு வாரியாக ஒரு பட்டியல் வந்தது. முழு ஆண்டு, முழு ஆண்டு என்று வந்துகொண்டிருந்தது, 2014-15இல் ‘முழுமையாகவில்லை’ என்று மாறியது. அதில் இருந்து 2020-21 வரை வரிசையாக ஏழு. மகள் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இது அம்மம்மாவைப் பார்த்த வருசம் எல்லாம், அம்மா" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இங்கே அரச பென்ஷன் என்பது வயது வந்தால் எல்லோருக்கும் ஒரே அளவாக வருகிற காசு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படி இல்லை. 2016 ஏப்ரல் 6இல் வந்த புதிய முறைப்படி, நாஷனல் இன்சூரன்ஸ் (வேலை செய்பவர்கள் அரசுக்குக் கட்டுகிற காப்புறுதிப் பணம்) கணக்கில் நிரம்பிய ஆண்டுகள் வழக்கமாகக் குறைந்தது 10 இருந்தால்தான் ஏதாவது வரும். முழுத் தொகைக்கு 35 வேண்டும். 2016க்கு முன்பே கணக்குத் தொடங்கியவர்களுக்கு இதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். 2025-26இல் முழுப் பென்ஷன் வாரத்துக்கு 230.25 பவுணாக இருந்தது. 35ஆல் பிரித்துப் பாருங்கள். ஒரு ஆண்டின் பெறுமதி வாரத்துக்கு ஆறரைப் பவுணுக்குச் சற்று மேல், வருடத்துக்கு 340 பவுணுக்கு மேல். ஒருமுறை கிடைத்து முடிகிற காசும் இல்லை இது, உயிர் இருக்கும் வரை வருகிற காசு.

இங்கே பிறந்து இருபது வயதில் வேலைக்குப் போகிறவருக்கு 35 ஆண்டு பெரிய காரியம் இல்லை. நாம் எத்தனை வயதில் வந்தோம்? 1996இல் வந்தபோது எனக்கு முப்பது. குடிவரவு வழக்கு முடிந்து கணக்குத் தொடங்க இரண்டு ஆண்டு போனது. இலங்கையில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டிய காலம் இங்கே எண்ணப்படாது. என் பென்ஷன் வயது 67. அதுவரை ஒரு ஆண்டும் விடாமல் நிரப்பியிருந்தால்தான் 35ஐத் தொட்டிருப்பேன். அதில் ஏழு ஆண்டு வெறுமையாகிவிட்டது. கையில் இருந்த சேமிப்பை எடுத்து மூன்று ஆண்டுக்குக் காசு கட்டி நிரப்பினேன், ஒரு ஆண்டுக்கு எண்ணூறு பவுணுக்கு மேல். அதற்கு மேல் முடியவில்லை. மிச்சம் நான்கு ஆண்டால் நான் இழக்கப்போவது, 2025-26 கணக்கில் வாரத்துக்கு 26 பவுண். என் வீட்டில் அது ஒரு கிழமை மரக்கறியும் மீனும்.

ஒரு பவுணும் கட்டாமல் அந்த ஏழு ஆண்டையும் நிரப்பியிருக்கலாம் என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

அந்த வழிக்குப் பெயர் கேரர்ஸ் கிரெடிட். 2010 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. காசாகக் கைக்கு எதுவும் வராது. வேலைக்குப் போகாமல் வீட்டில் ஒருவரைப் பார்க்கிற வாரங்களை அரசே உங்கள் கணக்கில் நிரப்பிவிடும். வாரத்துக்கு 20 மணித்தியாலம் பார்த்தால் போதும். ஒரே ஆளையே பார்க்க வேண்டும் என்றும் இல்லை. அப்பாவுக்குப் பத்து மணித்தியாலம், மாமிக்குப் பத்து மணித்தியாலம் என்று சேர்த்து வந்தாலும் சரி. பார்ப்பவருக்கு வயது 16 ஆகியிருக்க வேண்டும், பென்ஷன் வயது வந்திருக்கக் கூடாது. வீட்டு வருமானம், சேமிப்பு எதையும் பார்த்து மறுப்பதில்லை. கணவர் நல்ல சம்பளம் எடுத்தாலும் மனைவிக்குக் கிடைக்கும். ஊருக்குப் போய்வந்தாலோ, நோயாளி ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ, தொடர்ந்து 12 வாரம் வரை இடைவெளி விழுந்தாலும் கிரெடிட் நிற்காது.

நோயாளிக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ (பராமரிப்புத் தேவைப்படுகிற முதியோருக்கான அரச கொடுப்பனவு), பி.ஐ.பி.யின் (நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கான கொடுப்பனவு) அன்றாட வாழ்க்கைப் பகுதியோ, அதுபோன்ற ஒரு கொடுப்பனவோ வருவதுதான் வழக்கமான நிபந்தனை. அது இல்லையென்றால் கதை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. விண்ணப்பத்தோடு ஒரு சான்றிதழ்ப் பக்கம் இருக்கிறது. நோயாளியைத் தெரிந்த ஜீ.பி.யோ (குடும்ப வைத்தியர்) நர்ஸோ சோஷல் வேர்க்கரோ, இவருக்கு வாரத்துக்கு இத்தனை மணித்தியாலப் பராமரிப்புத் தேவை என்று அதில் கையெழுத்து வைத்தால் போதும். என் அம்மாவுக்கு எந்த அலவன்ஸும் எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை வைக்கக்கூடிய ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடவை என் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார். கேட்க எனக்குத் தெரியவில்லை.

வாரத்துக்கு 35 மணித்தியாலமோ அதற்கு மேலோ பார்ப்பவருக்குக் காசாகவே கேரர்ஸ் அலவன்ஸ் உண்டு. 2025-26இல் அது வாரத்துக்கு 83.30 பவுணாக இருந்தது, கூடவே வேலை செய்தால் வரியும் மற்றக் கழிவுகளும் போகக் கைக்கு வருவது 196 பவுணைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. அதை எடுப்பவருக்கும், யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கான அரச உதவிப் பணம்) எடுப்பவருக்கும், பென்ஷன் கணக்குத் தானாகவே நிரம்பும். சில வீடுகளில் மகள் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அம்மாவின் பென்ஷன் கிரெடிட் (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு வருகிற மேலதிகக் காசு) குறைந்துபோகும் என்ற பயம் இருக்கிறது. அது உண்மையான பயம்தான், எடுக்குமுன் விசாரிக்க வேண்டும். ஆனால் அந்தப் பயத்தில் கேரர்ஸ் கிரெடிட்டையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். அது யாருடைய காசையும் தொடாது.

இதற்குக் கெடு உண்டு. ஒரு வரி ஆண்டுக்கான கிரெடிட்டை அடுத்த வரி ஆண்டு முடிவதற்குள் கேட்க வேண்டும். 2024-25க்கு 2026 ஏப்ரல் 5 வரைதான். நான் கண்டுபிடித்த நேரம், அம்மாவின் கடைசி ஆண்டுக்கான கெடுவே தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றைக்குத் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம்: பிள்ளைகள் சின்னதாக இருந்தபோதும் நான் சில ஆண்டு வேலைக்குப் போகவில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் நிரம்பியிருந்தன. சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு தருகிற பணம்) என் பெயரில் இருந்ததால் அது நடந்திருக்கிறது. இப்போதைய விதிப்படி பிள்ளைக்கு 12 வயது ஆகும் வரைதான் அந்தப் பாதுகாப்பு. சின்னவளுக்கு 2014 பங்குனியில் 12 முடிந்தது. நான் வேலையை விட்டு ஒரு மாதம்.

இனி, கொஞ்சம் கசப்பானதையும் சொல்ல வேண்டும். எனக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். 2015இல் கோவிலில் ஒரு அக்கா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பற்றிச் சொன்னார். வீட்டில் வந்து கதைத்தேன். "அம்மாவைப் பார்க்கிறதுக்கு அரசாங்கத்திட்டக் காசு வாங்கிறம் என்று சனம் கதைக்கும்" என்று பதில் வந்தது. சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். பெற்ற தாய்க்குச் செய்வதைக் கணக்குப் பார்ப்பதா என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

இந்த எண்ணத்தை மாற்ற உங்களால் முடியும். வேறு யாராலும் இவ்வளவு எளிதாக முடியாது. கோவிலில் நீங்கள் ஒலிவாங்கியில் சொன்னால் எங்கள் சனம் கேட்கும். தாய் தகப்பனைப் பார்ப்பது புண்ணியம் என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், அது உண்மை. அதோடு சேர்த்து, பார்க்கிற பெண்ணின் வயோதிபத்தை யார் பார்ப்பது என்றும் கேளுங்கள். ‘அவருடைய பென்ஷன் இருக்குத்தானே’ என்று கணவரைக் காட்டிச் சமாதானம் சொல்கிற காலம் போய்விட்டது. 2016க்குப் பிறகு பென்ஷன் எடுப்பவருக்குப் பெரும்பாலும் அவரவர் சொந்தக் கணக்குத்தான். சில விதிவிலக்குகளைத் தவிர, கணவர் கட்டியதில் மனைவிக்குப் பங்கு வராது.

அம்மாவின் அந்தியேட்டி கொரோனா நேரத்தில் வந்தது. கிரியை சூமில் நடந்தது, நினைவு மலரை அச்சடித்துத் தபாலில் அனுப்பினோம். அண்ணா அதில் என்னைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தார். ‘ஏழு ஆண்டுகள் கண்ணை இமை காப்பதுபோல் காத்தாள்’ என்று. வாசித்துவிட்டு இருந்து அழுதேன். அந்த மலர் இன்றைக்கும் சாமித் தட்டில் இருக்கிறது. மகளின் போனில் அந்த ஏழு ஆண்டுகளையும் பார்த்த இரவு, எழும்பிப் போய் அந்த மலரை எடுத்துத் திரும்ப வாசித்தேன். அதே ஏழு ஆண்டுகள். இங்கே இப்படி இருக்கின்றன, அங்கே நான் சும்மா இருந்த ஆண்டுகளாகக் கிடக்கின்றன.

பார்ப்பவர்கள் எல்லோரும் பெண்கள் என்றும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, பெற்றோல் நிலையத்தில் பதினெட்டு வருடம் இரவு வேலை செய்தவர். மனைவிக்குக் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டார். வங்கியில் சேமிப்பு இருப்பதால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இனி எதுவும் கிடைக்காது என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார். போன மாதம்தான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம்.

சனிக்கிழமைப் பள்ளி வாசலில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி நிற்கிற அம்மம்மாக்களையும் அப்பம்மாக்களையும் நினைத்துப் பாருங்கள். சிலருக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை. மகள் வேலைக்குப் போகட்டும் என்று தங்கள் வேலையை விட்டவர்கள். 12 வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளையைப் பார்த்தால், பிள்ளையின் தாய்க்குச் சைல்ட் பெனிஃபிட்டோடு வருகிற கிரெடிட்டை அம்மம்மாவின் பெயருக்கு மாற்றலாம். 2011 ஏப்ரலில் இருந்து அந்த வழி இருக்கிறது. வேலைக்குப் போகிற மகளின் கணக்கு சம்பளத்திலேயே நிரம்பிவிடுவதால் அவருக்கு அது தேவைப்படாது. இரண்டு பேரும் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டியதுதான். நான் கேட்டுப் பார்த்தவர்களில் ஒரு அம்மம்மாவுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

எண்பதுகளில் வந்து இப்போது அறுபது, எழுபது வயதில் இருக்கிற அன்ரிமாருக்கு வேறு ஒரு பிரச்சினை. 1978 முதல் 2010 வரை, பிள்ளை வளர்க்கிற பெண்களின் பென்ஷனைப் பாதுகாக்க ஒரு ஏற்பாடு இருந்தது. 2000 மே மாதத்துக்கு முன் சைல்ட் பெனிஃபிட் எடுத்தவர்களில், படிவத்தில் நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் எழுதாதவர்கள் பலருக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் ஏறாமலே போய்விட்டன. அரசே இதை ஒத்துக்கொண்டு 2023இல் இருந்து கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தை மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போட்ட ஒரு அன்ரியை எனக்குத் தெரியும். பென்ஷன் எடுக்கத் தொடங்கியவர்களும் இதற்கு இன்னும் விண்ணப்பிக்கலாம். தயவுசெய்து இதை உங்கள் மூத்தோர் கூடல்களில் சொல்லுங்கள்.

கணவரின் கடையில் காலை ஆறு மணியில் இருந்து கல்லாவில் நின்று, சம்பளச் சீட்டு ஒன்றும் இல்லாமல் இருபது வருடம் உழைத்த பெண்களின் கதை இதைவிடப் பெரிது. அதற்கு இந்த மடலில் இடம் போதாது. அவர்களும் ஒருதடவை தங்கள் கணக்கைத் திறந்து பார்க்கட்டும்.

சரி, உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் இரண்டு மூன்று மணித்தியாலம் மண்டபத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம். அந்த மண்டபத்தில் ஒரு மேசை போட அனுமதி தாருங்கள். போனில் கணக்கைத் திறந்து காட்ட நம் பிள்ளைகளில் இரண்டு பேர் போதும். இருபது வயதுக்காரருக்கு அது ஐந்து நிமிட வேலை. போன் பிடிக்கத் தெரியாதவர்களுக்குத் தபாலில் கேட்டு எடுக்கவும் வழி இருக்கிறது. ஊர்ச் சங்கங்கள் ஆண்டு விழா மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு இடையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கோவில்களில் அந்தியேட்டி, ஆட்டைத் திவசத்துக்கு வருகிற குடும்பங்களிடம், வீட்டில் யார் அவரைப் பார்த்தது, அவருடைய கணக்கு நிரம்பியிருக்கிறதா என்று ஐயரோ நிர்வாகத்தில் ஒருவரோ ஒரு வார்த்தை கேளுங்கள். கெடு முடியாமல் இருக்கிற நேரம் பெரும்பாலும் அதுதான். இலவச ஆலோசனை தருகிற சிட்டிசன்ஸ் அட்வைஸிலும் கேரர்ஸ் யூகே போன்ற அமைப்புகளிலும் இதை விளங்கப்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள், மொழிபெயர்க்க நம்மில் ஆட்கள் இருக்கிறோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விசாவில் அரச உதவிப் பணம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்கள், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், கேரர்ஸ் அலவன்ஸ் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும் முன் கட்டாயம் குடிவரவு விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். மேசையில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அவர்களுக்குத் தாங்களாக எதையும் நிரப்பிக் கொடுக்கக் கூடாது.

ஏப்ரல் 5க்கு முன் வருகிற சனிக்கிழமைகளை விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட்ஹாம், வோல்தம்ஸ்டோ பக்கம் என்றால் நானே வருகிறேன். டூட்டிங், ஹரோ, லூயிசம் பக்கத்துக்கும் வர ஆட்களைக் கேட்டு வைத்திருக்கிறேன். ஒரு மேசையும் நான்கு கதிரையும் தந்தால் போதும். படிவங்களைப் பிரதி எடுத்துப் பேனையோடு நாங்கள் கொண்டு வருகிறோம்.

அன்புடன்,
அம்மாவைப் பார்த்த ஒரு மகள்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்